ஆசிரியர் வேற, வாத்தியார் வேறயா? (மூணு நிமிஷப் பேச்சுக்கு உதவி தேவை)

வண்ணாரப்பேட்டைவாசி:
செப்டம்பர் 5க்குப் பையன் மேடையில பேசணும். ஆறாவது படிக்கிறான். "ஆசு என்றால் குற்றம், இரியர் என்றால் நீக்குபவர், குற்றத்தை நீக்குபவரே ஆசிரியர்"னு ஆரம்பிச்சு எழுதிக் குடுத்திருக்கேன். ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடுது. வேற என்ன சேர்க்கலாம்?

சொல்தச்சன்:
சேர்க்குறதுக்கு முன்னாடி முதல் வரியை எடுத்துடுங்க. எல்லா மேடையிலயும் ஓடுற வரிதான், ஆனா இலக்கணத்துல நிக்காது. 'இரிதல்'னா பயந்து ஓடுறது. விரட்டுறதுக்கு 'இரித்தல்'னு வரணும். உங்க கணக்குப்படி ஆசிரியர் குற்றத்தைக் கண்டா ஓடிப்போறவர்! 'ஆசார்ய' என்ற வடசொல்தான் மூலம், பாலியில 'ஆசரிய'. மரவேலை, நகைவேலை செய்யறவங்களை ஆசாரின்னு சொல்றோமே, அதுவும் இதே சொல்தான். 'வாத்தியார்' உபாத்தியாயர்ல இருந்து வந்தது. மனு நூல்ல ஆசார்யர் வேதம் முழுசையும் சொல்லிக் குடுக்கறவர். உபாத்தியாயர் பிழைப்புக்காக ஒரு பகுதியை மட்டும் நடத்துறவர், ஒரு படி கீழே.

காசிமேட்டு டீசல்:
ஒரு படி கீழயா? எங்க பக்கம் வந்து சொல்லிப் பாரு சார். இங்க சிலம்பம், பாக்சிங், லேத்து, எது கத்துக் குடுத்தாலும் வாத்தியார்தான். ஆசிரியர்னா ஸ்கூல் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுறவரு.

ஒன்பதாவதோட நின்னுட்டு போட் இன்ஜின் வேலைக்குப் போனேன். மொத வாரம், வாத்தியார் ஒரு நீட்டு ஸ்க்ரூடிரைவரைக் குடுத்து, முனையை ஓடுற இன்ஜின் மேல வை, பிடியைக் காதோட ஒட்டுன்னாரு. "இன்னா கேக்குது?" "சத்தம்ணே." "எத்தினி சத்தம்?" அன்னிக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு. ஆறு மாசம் கழிச்சு வால்வு தட்டுறது தனியா, பேரிங் அரைக்கிறது தனியா கேக்க ஆரம்பிச்சுது. அந்தாளுக்குத் தன் பேரை எழுதவே நேரம் ஆவும். பி.எட்.டுக்கு எங்க போவாரு? பையன் பேச்சுல அவருக்கு எடம் உண்டா, இல்லியா?

தண்டையார்பேட்டை டீச்சர்:
இடம் உண்டு தம்பி. ஆனா அவரும் நானும் ஒண்ணுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். அவர்கிட்ட கை வராதவனை "போடா"ன்னு அனுப்பிடலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. என் வகுப்புல 43 பேர், எழுத்துக் கூட்டத் தெரியாத 6 பேர் உள்பட. அந்த 6 பேருக்காகத்தான் எனக்குச் சம்பளமேன்னு நினைச்சுப்பேன்.

13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் நன்னூல்ல, ஆசிரியர் ஆகத் தகாதவங்களை நாலு பொருளுக்கு ஒப்பிடுறார். கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட வரிசையில வராது, கவுத்தா கலகலன்னு தாறுமாறா கொட்டும். மட்டை அடர்ந்த பனை: யாரையும் ஏற விடாது, பழம் தானா விழுந்தாத்தான் உண்டு. பஞ்சு அடைச்ச குடுக்கை: உள்ளே திணிக்கறதும் பாடு, வெளியே எடுக்கறதும் பாடு. கோணல் தென்னை: தண்ணி ஊத்தினவன் ஒருத்தன், காய் விழறது பக்கத்து வீட்டுல. பட்டறை வாத்தியார்ல பாதிப் பேர் அந்தப் பனைதான். நுணுக்கத்தைக் கேட்டா வாய் திறக்க மாட்டாங்க.

காசிமேட்டு டீசல்:
பொய் சொல்ல மாட்டேன் டீச்சர், அது மெய்தான். பம்ப் டைமிங் வைக்கிறப்ப மட்டும் கரெக்டா என்னைய டீ வாங்க அனுப்புவாரு. ரெண்டு வருஷம். கடசியா ஒரு நாள் டீயை வழியிலயே ஒருத்தன்கிட்ட குடுத்துட்டு, வலை மூட்டைக்குப் பின்னால நின்னு பாத்துதான் கத்துக்கினேன்.

ஆனா அந்தக் கோணத் தென்னை யாரு? பகல்ல ஸ்கூல்ல சம்பளம், சாயங்காலம் டியூஷன்ல பாடம். என் பொண்ணோட கணக்கு சார் வகுப்புல பாதிக் கணக்கோட நிறுத்திடுவாரு, மீதி மாடியில, மாசம் 800 ரூபா.

தண்டையார்பேட்டை டீச்சர்:
அப்படிப்பட்டவங்க இருக்காங்க. எனக்கும் கோபம்தான்.

சொல்தச்சன்:
டீச்சர், நாலு உவமை சொன்னீங்க, நல்லாசிரியர் இலக்கணத்துல முதல் தகுதியை விட்டுட்டீங்களே. சூத்திரம் 'குலன்'னுதான் தொடங்குது. அருள், தெளிவு எல்லாம் அப்புறம்தான். அந்தச் சட்டப்படி டீசல் அண்ணனோட வாத்தியார் வாசலோட சரி. நாம ரெண்டு பேரும்கூட எங்க நிப்போமோ!

தண்டையார்பேட்டை டீச்சர்:
தெரிஞ்சுதான் விட்டேன். வகுப்புல நடத்தும்போதும் அந்தச் சொல்லைப் போர்டுல எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவேன். பழைய நூல்ல எடுத்துக்கவும் இருக்கு, அடிச்சுவிடவும் இருக்கு.

கொருக்குப்பேட்டை பிரியா:
2021ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப நான் தன்னார்வலர். மாசம் 1000 ரூபாய், எங்க வீட்டு வராந்தாவுல சாயங்காலம் பாடம். பிள்ளைங்க கடைசி வரைக்கும் அக்கான்னுதான் கூப்பிட்டாங்க. அதுல எனக்கு ஒண்ணும் குறைச்சல் தெரியல. நீங்க எல்லாரும் பட்டத்துக்கு ஏன் இவ்ளோ சண்டை போடறீங்க?

பெரம்பூர் கேரம்:
சண்டை போட்டாத்தான் கணக்குல வருவாங்க. 2024ல அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பையில தங்கம் அடிச்சாளே காசிமா, நம்ம வடசென்னைப் பொண்ணு. சொல்லிக் குடுத்தது ஆட்டோ ஓட்டுற அவங்க அப்பா. அவரை அப்பான்னா எழுதுவாங்க? பயிற்சியாளர்னுதான் எழுதணும்.

வண்ணாரப்பேட்டைவாசி:
எல்லாத்தையும் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன். ஆசு, இரியர் போயிடுச்சு. நன்னூல்ல அந்தப் பனைமரம் மட்டும் வேணுமாம். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் கதையைச் சொல்லியே தீருவேன்கிறான். இப்ப வீட்டு மிக்சியை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரை வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கான்.

காசிமேட்டு டீசல்:
அண்ணே, பிடிப்பக்கம் காதுல! முனை இல்ல! போய்ப் பாருங்க மொதல்ல.