டென்னி பூங்கா: சியாட்டிலின் மிகப் பழைய பூங்காவில் பழைய மரங்கள் ஏன் இல்லை?

கேள்வி:
வணக்கம். சியாட்டிலில் சவுத் லேக் யூனியன் பகுதியில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டென்னி பூங்காவில் சற்று நடப்பது வழக்கம். நகரின் மிகப் பழைய பூங்கா இதுவே என்கிறார்கள். ஆனால் எந்த மரமும் அத்தனை வயதுடையதாகத் தெரியவில்லை. ஊரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆர்தர் டென்னியின் பெயர்தானா இது?

பதில் 1:
ஆர்தர் அல்லர், அவருடைய தம்பி டேவிட் டென்னி. 1851 செப்டம்பரில், 19 வயதில், அண்ணன் குடும்பத்துக்கு முன்பாகவே இடம் பார்க்க வந்தவர் அவர். நவம்பர் 13 அன்று மற்றவர்கள் 'எக்ஸாக்ட்' என்ற பாய்க்கப்பலில் வந்து இறங்கியபோது, கூரை வேயப்படாத மரக்குடிலில் காய்ச்சலோடு கிடந்தார். 1853-இல் லூயிசா போரெனை மணந்தார். இருவரும் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை 1861-இல் ஊருக்குக் கொடுத்தனர்; கொடுத்தது பூங்காவுக்காக அன்று, இடுகாட்டுக்காக. 1870-இல்கூட மக்கள்தொகை 1,107 மட்டுமே என்பதால், அன்று அது ஊருக்கு வெளியே இருந்த காடு. 1884-இல்தான் அது பூங்காவாயிற்று.

பதில் 2:
மரங்களைப் பற்றிய ஐயத்துக்கு விடை மண்ணில் இருக்கிறது. அங்கே டென்னி குன்று என்றொரு மேடு இருந்தது. வணிகம் வடக்கே பரவத் தடையென்று கருதி நகராட்சி அதைக் கட்டம் கட்டமாகக் கரைத்துக் கடலில் கொட்டியது; முதலில் நீரைப் பீய்ச்சியும், 1928 முதல் 1930 வரை இயந்திர மண்வாரிகளைக் கொண்டும். சுற்றுப்புறம் தாழ்ந்தபின் பூங்கா மட்டும் திட்டாக நின்றது. எதிர்ப்பையும் மீறி அதையும் சுமார் 60 அடி இறக்கினார்கள். பழைய மரங்கள் அதோடு போயின. 1884-இல் மக்கள் உலாவிய தரை, இன்று நீங்கள் நடக்கும்போது உங்கள் தலைக்கு மேலே ஐந்து மாடி உயரத்தில் இருந்திருக்கும். அதே இடம்தான், ஆனால் அதே நிலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அங்கே புதைக்கப்பட்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

பதில் 1:
பலரை வாஷெல்லி என்ற புதிய இடுகாட்டுக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அதையும் பூங்காவாக்க முடிவு செய்ததால் மறுபடியும் தோண்ட வேண்டியதாயிற்று. இன்றைய வாலண்டியர் பூங்கா அதுதான். டேவிட்டோ டிராம் பாதைகளில் பணத்தைப் போட்டு, 1893 நிதி நெருக்கடியில் சொத்தையெல்லாம் இழந்து, 1903-இல் காலமானார். வடக்கே இப்போது வாஷெல்லி என்ற பெயரோடு உள்ள இடுகாடு வேறு. அது டேவிட்டின் நிலத்தில் ஓக் லேக் என்ற பெயரில் தொடங்கியது. தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.