எழுத்துரு நிறுவும்போது உரிமத் திரையிலேயே நின்றுவிடுகிறது, உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:
வணக்கம். எங்கள் வாசகசாலைக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ்தான். பஞ்சாயத்து மனு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் வேர்டு ஃபைலாகவே வருகின்றன, தமிழும் இங்கிலீஷும் கலந்திருக்கும். வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் வரிகள் இடம் மாறிப் பக்கம் கூடிவிடுகிறது. அதனால் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை நிறுவும் எம்எஸ் கோர்ஃபான்ட்ஸ் இன்ஸ்டாலர் பேக்கேஜைப் போட்டேன். டெர்மினலில் நீளமான உரிம ஒப்பந்தம், அடியில் ஓகே. மவுஸுக்கும் அசையவில்லை, என்டருக்கும் அசையவில்லை. அதற்குள் கரண்ட் போய்விட்டது. இப்போது எதை நிறுவினாலும், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி பாதியில் நின்றதாகச் செய்தி வருகிறது. இன்னொன்று: எல்லா மெஷினுக்கும் நானே சம்மதம் கொடுப்பது முறையா? வந்து உட்காருகிறவர்கள் யாரும் அதைப் படிக்கப் போவதில்லையே.

பொள்ளாச்சி லினக்ஸ்:
சார், அந்தச் செய்தியிலேயே ஓட்ட வேண்டிய கட்டளையும் இருக்கும், அப்படியே அடியுங்கள். பாதியில் நின்றது முடிந்துவிடும். உரிமத் திரை மறுபடி வந்தால் டேப் கீயை அழுத்துங்கள், ஓகே நிறம் மாறும், அப்புறம் என்டர். அடுத்த திரையில்தான் கவனம் வேண்டும். சம்மதமா என்ற கேள்வியில் 'நோ'தான் முதலில் தேர்வாகியிருக்கும். அவசரப்பட்டு என்டர் தட்டினால் மறுத்ததாகிவிடும், நிறுவும்போது இப்படிக் கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் அந்தப் பதிலை நினைவிலும் வைத்துக்கொள்ளும். அப்படி ஆனால் பேக்கேஜை பர்ஜ் செய்துவிட்டு (அமைப்புகளோடு முழுசாக நீக்கிவிட்டு)த் திரும்பப் போடுங்கள்.

நிறைய மெஷின் என்றால் டெப்கான்ஃப் செட் செலக்‌ஷன்ஸ் மூலம் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள். நிறுவுகிறவரைத்தான் அந்தத் திரை கேட்கிறது, அதனால் நீங்கள் சம்மதம் கொடுப்பது சரி என்றே நினைக்கிறேன்.

நெட் இருக்கும்போது போடுங்கள். பேக்கேஜுக்குள் எழுத்துரு கிடையாது, நிறுவும் நேரத்தில்தான் இறங்கும். மைக்ரோசாஃப்ட் 1996-ல் தொடங்கி 2002-ல் நிறுத்திய தொகுப்பு அது. மூல ஃபைலை மாற்றாமல் அப்படியே கொடுக்க மட்டுமே அதன் உரிமம் இடம் தருகிறது. அதனால்தான் உபுண்டுவுக்கு மூலமான டெபியன் லினக்ஸ் இந்த பேக்கேஜை, கட்டற்றதல்லாதவற்றை நம்பியிருப்பவற்றுக்கான கான்ட்ரிப் பிரிவில் வைத்திருக்கிறது.

குப்பம் வாசகர்:
அண்ணா, அது உங்களுக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள். அந்தத் தொகுப்பில் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், வெர்டானா மாதிரி எழுத்துருக்கள்தான் இருக்கின்றன, தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. தமிழுக்கு நோட்டோ அல்லது லோகித் தமிழ் போடுங்கள். ஏரியல், டைம்ஸ், கூரியர் மூன்றுக்கும் அகலம் மாறாத மாற்று லிபரேஷன் எழுத்துருக்கள், 2007-ல் ரெட் ஹாட் வெளியிட்டது. கலிப்ரிக்கு கார்லிட்டோ. இவை எதுவும் நிறுவும்போது சம்மதம் கேட்காது. கட்டற்ற மென்பொருளில் அந்தக் கேள்விக்கே அவசியமில்லை. அத்தகைய மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் 9-வது பிரிவு, ஒரு நிரலைப் பெறவோ ஓட்டவோ உரிமத்தை ஏற்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. பொது வாசகசாலைக்கு அந்த வழிதான் பொருத்தம். யார் வந்து உட்கார்ந்தாலும் யாருக்கும் கட்டுப்பாடில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:
நன்றி. செய்தியில் இருந்த கட்டளையை ஓட்டியதும் தடை நீங்கிவிட்டது. கார்லிட்டோவும் நோட்டோவும் போட்டேன், லிபரேஷன் முன்பே இருந்தது. மனு ஃபைல்களில் பக்கம் இப்போது சரியாக நிற்கிறது. வெர்டானாவில் அடித்த பழைய நோட்டீஸ் சில மட்டும் இன்னும் கலைகின்றன. அவற்றுக்காக ஒரே மெஷினில் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்து கோர்ஃபான்ட்ஸ் நிறுவப் போகிறேன்.