புதுப்பிப்பு: கிருஷ்ணகிரி கோட்டையை வழிகாட்டி இல்லாமல் சுற்றிப் பார்த்த கதை

பத்து வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு, வழிகாட்டி யாரும் இல்லாமல் கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலைக் கோட்டையைப் பார்த்து வர முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, "விடிந்ததும் பழையபேட்டைப் பக்கமிருந்து ஏறுங்கள்" என்று ஒரு அக்கா சொன்ன யோசனைதான். ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஒன்பதரைக்கு இறங்கும்போதே பாறை கொதிக்க ஆரம்பித்திருந்தது. தர்கா வரை வழி கேட்கவே வேண்டியதில்லை, ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு மேல்தான் நிதானம் வேண்டும். செருப்பு சரிப்படாது, ஷூ போடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் மிச்சமில்லாமல் தீர்ந்தது.

மதில் ஓரம் உட்கார்ந்து பையனுக்குக் கதை சொன்னேன். 1791 நவம்பரில் ஆங்கிலேய அதிகாரி மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படை, திப்பு சுல்தான் வசமிருந்த இந்த மலையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், சண்டையில் கிடைக்காத கோட்டை, பாராமகால் என்ற இந்தச் சுற்றுவட்டாரப் பகுதியோடு சேர்ந்து ஒரு கையெழுத்தில் கும்பினி வசம் போய்விட்டது. "அப்போ எதுக்கு சண்டை போட்டாங்க?" என்றான். பதில் இல்லை.

எதிர்பாராதது குரங்குகள். பிஸ்கட் பையோடு போய்விட்டன. அப்புறம், நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. அன்று அரசு அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. நடுகற்கள் பார்க்க வேண்டுமானால் வேறு நாளில் போங்கள்.