அளந்தது எங்கே, சுவாசித்தது எங்கே: வன்னி வேலைத்தள அனுபவப் பகிர்வு

ஓமந்தையான்:

வவுனியாவுக்கு வடக்கே ஒரு கல்லுடைக்கும் ஆலையில் தூசி அளக்கப் போன இடத்தில் நடந்தது இது. ஆலையின் பெயரை எழுதப் போவதில்லை. நான் அப்போது அளவீட்டுக் குழுவில் உதவியாளன். காலையில் கருவியைத் தொழிலாளியின் இடுப்புப் பட்டியில் மாட்டுவதும், மாலையில் கழற்றுவதும், நேரத்தைத் தாளில் குறிப்பதுமே என் வேலை. நுரையீரலின் அடிவரை போகக்கூடிய நுண்தூசியை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு குமிழைச் சட்டைக் கழுத்தில், மூக்கிலிருந்து ஓரடிக்குள் குத்தி விடுவோம். பம்பி நிமிடத்துக்கு 1.7 லீற்றர் வீதம் காற்றை இழுக்கும். வடிதாளில் படிந்ததில், நுரையீரலில் தழும்பை உண்டாக்கும் படிகச் சிலிக்கா எவ்வளவு என்பதை ஆய்வுகூடம் சொல்லும்.

நண்பகலில் நான் சுற்றிப் பார்க்கப் போனபோது, சலிதட்டின் கீழே சவளால் தூள் அள்ளிக்கொண்டிருந்த அண்ணரின் இடுப்பில் கருவி இல்லை. அது சற்றுத் தள்ளியிருந்த வேப்பமரத்துக் கிளையில், அவருடைய சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு மினுங்க இரைந்துகொண்டு தொங்கியது. குழாய் சவள் பிடியில் கொழுவுகிறதென்றும், எல்லாம் ஒரே காற்றுத்தானே என்றும் அவர் சொன்னார். அவருடைய கண்ணிமை மயிர் வெள்ளையாக இருந்தது. மரத்தின் கீழ் நின்ற என் சட்டையில் தூசியே இல்லை. கருவியை எடுத்து மறுபடி அவருக்கு மாட்டினேன். ஆனால் தாளில் அதை எழுதவில்லை. எழுதினால் அந்த நாளின் மாதிரி வீணாகும், திரும்பவும் வர வேண்டும் என்று எண்ணினேன். அமெரிக்கச் சட்டம் 2016 இல் படிகச் சிலிக்காவுக்கான எட்டு மணித்தியாலச் சராசரி எல்லையைக் கனமீற்றருக்கு 0.05 மில்லிகிராமாகக் குறைத்திருந்தது. எங்கள் அறிக்கையில் அவருடைய எண் அதற்கும் கீழே வந்தது. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

நெற்களஞ்சியம்:

ஓமந்தையானின் கருவி மரத்திலாவது தொங்கியது. எங்கள் களஞ்சியத்தில் அன்று இருந்த ஒரே கருவி மூக்கு.

ஒட்டுசுட்டான் பக்கம். காலபோக நெல் வந்ததும் மூட்டை அடுக்கைத் தறப்பாளால் மூடி, ஓரங்களில் மணற்பைகளை அடுக்கி, உள்ளே பூச்சி கொல்லும் அலுமினியம் பொஸ்பைட்டு வில்லைகளை வைத்தோம். 3 கிராம் வில்லையொன்று காற்றின் ஈரத்தோடு தாக்கமுற்று 1 கிராம் பொஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். முன்கதவில் எச்சரிக்கைத் தாளையும் ஒட்டினோம். மூன்றாம் நாள் விடியப் போனபோது பின்கதவு உட்பக்கமாகத் தாழிடப்பட்டிருந்தது. வெகுநேரம் தட்டிய பின்னர் காவலாளி ஐயா சுவரைப் பிடித்தபடி வந்து திறந்தார். இரவில் யானை வந்து தாழ்வாரத்துத் தகரத்தைப் புரட்டியதால் அவர் உள்ளே ஓடி, அடுக்குக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறார். தலையிடிக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்றவர், அடுத்துச் சொன்னதுதான் என்னை விடவில்லை: முதலில் உள்ளி மணம் வந்ததாம், பிறகு நின்றுவிட்டதாம், ஆகையால் நஞ்சு போய்விட்டதென்று நம்பி உறங்கினாராம். வைத்தியசாலையில் இரண்டு நாள் இருந்து அவர் தேறி வந்தார்.

அந்த மணம் பொஸ்பீனோடு கலந்து வரும் மாசுகளுக்கே பெரிதும் உரியது என்பதையும், அந்த மாசுகளைத் தானியம் உறிஞ்சிவிட்டால் வாயு இருக்கையிலேயே மணம் இல்லாமற் போகும் என்பதையும் நான் பின்னர்தான் படித்தேன். வேலை நாள் முழுவதற்குமான எல்லையாகச் சொல்லப்படுவது பத்து இலட்சத்தில் 0.3 பங்கு, இதை மூக்கை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. வாயு எங்கே கசியும், எவர் எவ்வளவு நேரம் அருகில் நிற்பார் என்றெல்லாம் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். யானை வந்தால் காவலாளி எங்கே ஓடுவார் என்பது எங்கள் கணக்கில் இருக்கவில்லை.

கிணற்றடி:

2010, மீள்குடியேறிய காலம், கிளிநொச்சிக்குக் கிழக்கே. பாழடைந்து கிடந்த கிணறுகளை எல்லோரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். உறிஞ்சும் பம்பி 7 மீற்றருக்கு மேல் நீரை இழுக்கத் திணறும் என்பதால், ஆழமான கிணறுகளில் மண்ணெண்ணெய் இயந்திரத்தையே கயிற்றில் கட்டி உள்ளே இருந்த பலகைத் தட்டுக்கு இறக்கினார்கள். பெரியவர்கள் சொன்னபடி நாங்களும் முதலில் விளக்கை இறக்கிப் பார்த்தோம். அது நன்றாகவே எரிந்தது. அரை மணித்தியாலம் கழித்து, அதே விளக்கு அதே தட்டில் ஆடாமல் எரிந்துகொண்டிருக்க, அதற்கு ஒரு முழத் தூரத்தில் இருந்த என் மைத்துனர் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தார். இடுப்பில் கயிறு இருந்தபடியால் இழுத்து எடுத்தோம், பிழைத்துக்கொண்டார்.

ஒட்சிசன் குறைந்தால் விளக்கு அணையும். இயந்திரப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகக் குருதியில் ஒட்டிக்கொள்ளும். மனிதனை வீழ்த்தும் அளவு விளக்குச் சுடரை ஒன்றும் செய்யாது. அதை எரியும் விளக்கால் அளக்க நினைத்தோம். இன்னும் சிலர் இப்படித்தான் இறக்குகிறார்கள்.

விசுவமடு விவசாயி:

என் கதை சிறியது. அப்பாவின் பூச்சிமருந்துத் தாங்கி அடியில் கசியும். தெளித்து முடிக்கும்போது அவருடைய முதுகில் சட்டை ஈரமாக ஒட்டியிருக்கும். நாங்கள் அதை வியர்வை என்றே நினைத்தோம். ஒருநாள் வரம்பில் அமர்ந்து, வாயில் நீர் ஊறிக்கொண்டே இருக்க, என்னைப் பார்த்து என் தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

ஆனால் இங்கே எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எல்லோரும் கருவியைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூசிமேகத்தை எண்ணாக்க ஆய்வுகூடத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும்? 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே தூசியையும் புகையையும் தொழிலாளி சுவாசிக்காதபடி அகற்றச் சொல்கிறது. கல் விழும் இடத்தில் நீர்த்தூவியை வையுங்கள், கல் கொண்டுபோகும் பட்டியை மூடுங்கள், பிறகு வேண்டுமானால் அளவுங்கள். 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்ற இரு பூச்சிமருந்துகளையும் இந்த நாடு தடுத்தபோது நஞ்சையே கடையிலிருந்து எடுத்தார்கள். ஒவ்வொரு கமக்காரனின் முதுகிலும் கருவியைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், தெளிப்பவர்கள் கவனியுங்கள். வயலில் நடப்பதைவிடப் போத்தலைத் திறந்து கலக்கும் சில நிமிடங்களே ஆபத்தானவை, ஏனென்றால் அப்போது கையில் படுவது நீர் சேராத மருந்து. ஆகவே வேறு எதை விட்டாலும் அந்த நேரத்தில் றபர்க் கையுறையை விடாதீர்கள், துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்திருக்கும் என்பதால் அது வெறுங்கையிலும் கேடு. மருந்து மூக்கைவிடத் தோல் வழியாகவே அதிகம் ஏறுகிறது, எனவே வாய்க்குத் துவாயைக் கட்டிவிட்டுச் சாரத்தோடு இறங்குவது பாதுகாப்பு ஆகாது. தாங்கியை முதலில் வெறும் தண்ணீர் ஊற்றித் தோளில் போட்டுப் பாருங்கள். முதுகு நனைந்தால் வொஷரை மாற்றுங்கள். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் நாளில் காற்றுக்கு எதிரே நடக்காதீர்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊறப்போடாதீர்கள். சேதனப் பொஸ்பரசு மருந்துகளை (மேலே சொன்ன இரண்டும் அந்த வகை) தொடர்ந்து தெளிப்பவர் போகம் தொடங்குமுன் ஒருமுறை கோலினெசுத்தரேசு (இந்த மருந்துகள் முடக்கும் நொதியம்) குருதிப் பரிசோதனை செய்து வைத்திருந்தால், பிறகு குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஆளுக்கு ஆள் இயல்பான அளவு மாறுவதால் தனியே ஓர் எண் அதிகம் சொல்லாது.

பளைவாசி:

நான் இருபது வருடம் சுண்ணக்கல் தூசியில் வேலை செய்தவன். ஒன்றும் ஆகவில்லை. ஓமந்தையான் ஒரு மரத்தையும் ஒரு பார்சலையும் வைத்துப் பெரிதுபடுத்துகிறார்.

ஓமந்தையான்:

பளைவாசிக்கு: உங்கள் கல் வேறு, எங்கள் கல் வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வவுனியாவில் உடைபடுவது, புவியியலாளர் வன்னித் தொகுதி என்று பெயரிட்டிருக்கும் பழைய உருமாறிய பாறை. அதில் குவாட்சு, அதாவது படிகச் சிலிக்கா, நிறைய உண்டு. ஒரே அளவு தூசியாக இருந்தாலும் நுரையீரலில் நடப்பது ஒன்றல்ல. சிலிக்கா தரும் தழும்பு பெரும்பாலும் பத்து வருடத்துக்குப் பிறகே தெரியவருகிறது, அதற்கு மருந்தில்லை, சயரோகம் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. ஆகவே இருபது வருடம் ஒன்றும் ஆகவில்லை என்ற உங்கள் சாட்சி உங்கள் கல்லுக்கு மட்டுமே பொருந்தும்.

விசுவமடு ஐயாவுக்கு: நீங்கள் சொன்னதில் பாதி சரி. தூசி தெரிந்தால் அளவுக்குக் காத்திராமல் தண்ணீரைத் திறக்கத்தான் வேண்டும். அந்த ஆலையிலும் நீர்த்தூவி இருந்தது. நாங்கள் போனது ஆவணியில். குளம் வற்றி, பவுசர் வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தது, தூவியின் வாய் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது. தூவி இருக்கிறது என்று பட்டியலில் சரி அடையாளம் போட்டிருந்தார்கள். நீங்கள் சொல்லும் ஒழுங்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் அளக்க வேண்டியிருக்கிறது, அதுவும் மாரியில் அல்ல, சோளகத்தில். கண்ணுக்குத் தெரியும் மேகமும் ஆளைக் கொல்லும் துகளும் ஒன்றல்ல. அந்தத் துகள் மேகம் அடங்கிய பின்னும் மிதக்கும்.

அன்றைய குறிப்பேட்டை நேற்று இரவு தேடி எடுத்தேன். வடிதாளின் இலக்கம் இருக்கிறது, மாட்டிய நேரமும் கழற்றிய நேரமும் இருக்கின்றன. மரத்தில் எவ்வளவு நேரம் தொங்கியது என்பது இல்லை. அது இருபது நிமிடமாகவும் இருக்கலாம், நான்கு மணித்தியாலமாகவும் இருக்கலாம். அந்த மாதிரியை அறிக்கையிலிருந்து நீக்கி, கருவியை முதுகுப்புறம் தாங்கும் மேலங்கியோடு மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதிக் குழுத்தலைவருக்கு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பினேன்.