பித்தப்பைக் கல்: அத்தைக்கு ஒரு வழி சொல்லுங்கள்

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அத்தைக்குப் பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ராத்திரிகளில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும் வலி தோள்பட்டை வரை ஏறுகிறது. தலையணையை வயிற்றோடு அணைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்கேனில் பித்தக்குழாயிலும் ஒரு கல் தெரிகிறது. முதலில் எண்டோஸ்கோப்பி வழியாக, அதாவது வாய்வழியே குழாய் விட்டு, அதை எடுத்துவிட்டு, அப்புறம் வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையே அகற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். அத்தையோ கரைக்கும் மாத்திரை போதும் என்கிறார். அது சிறிய கொழுப்புக் கற்களுக்குத்தான், அதுவும் மாதக்கணக்கில். நிறுத்தினால் திரும்பவும் வரலாம். குழாய் அடைத்துக் காமாலையும் காய்ச்சலும் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ இந்த இரண்டும் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? நடுவில் எத்தனை நாள் விட்டார்கள்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும்? அத்தையிடம் போனில் நாலு வார்த்தை பேசினால் பெரிய உதவி.