கைப்பையில் பொடி: 350 கிராமா, 350 மில்லியா?

பிசின்கைகள்:
போன வாரம் இங்கே பறவைமனம் எழுதினது இது: "350 கிராமுக்குள்ள இருந்தா எந்தப் பொடியையும் கைப்பையில தைரியமா எடுத்துட்டுப் போங்க, யாரும் தொட மாட்டாங்க." படிச்சதிலிருந்து வயிறு எரியுது. இதே பேச்சை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்பி ஏமாந்தவன் நான். அது கிராம் இல்லை, மில்லி. எடை இல்லை, கொள்ளளவு.

என்கிட்ட இருந்தது ஃபியூம்டு சிலிக்கா. ரெசினைக் கெட்டியாக்கச் சேர்க்கிற வெள்ளைப் பொடி. பஞ்சு மாதிரி லேசு, ஒரு லிட்டர் படியில அள்ளினாலும் 50 கிராம்தான் நிக்கும். நான் வச்சிருந்தது 100 கிராம். 350-ல மூணுல ஒரு பங்கு கூட இல்லையேன்னு நிம்மதியா போனேன். ஆனா பை குட்டித் தலையணை மாதிரி உப்பிக்கிட்டு இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு கிளம்புற விமானம். சோதனை பண்ற அம்மா ஜிப்பைத் திறந்ததும் புகை மாதிரி வெள்ளையா எழும்பிச்சு. அவங்க ரெண்டு அடி பின்னாடி போய், முகக்கவசம் போட்டுக்கிட்டு வந்தாங்க. காலி குளிர்பான கேன் ஒண்ணைப் பைக்குப் பக்கத்துல வச்சு, "இவ்வளவுதான் அனுமதி"ன்னாங்க. பை குப்பைக்குப் போச்சு. தராசே அங்க இல்லை. 350 மில்லி!

பறவைமனம்:
ஆஸ்திரேலிய விதியில 350 மில்லின்னு எழுதி, பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள 350 கிராம்னும் போட்டிருக்கு. அரைகுறையா படிச்சுட்டு என் மேல பாயாதீங்க. 19 வருஷமா பறக்கிறேன், ஒரு பொட்டலம் கூட என்கிட்ட இருந்து பிடுங்கினதில்லை.

ஆய்வகவாசி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. எந்த நாட்டு விதி, எந்த மாதிரிப் பொடின்னு சொல்லாம அளவை மட்டும் பேசி என்ன பயன்? ஆஸ்திரேலியாவில் அந்த உச்சவரம்பு கனிமப் பொடிக்கு மட்டும்தான்: உப்பு, மணல், சிலவகை டால்கம் இதெல்லாம். மாவு, காபித்தூள், குழந்தைப் பால்பொடி மாதிரி கரிமப் பொடிக்கு அந்த வரம்பு கிடையாது, சோதனை மட்டும் உண்டு. அமெரிக்கா போற விமானத்துல இந்தப் பிரிவினையே இல்லை. 350 மில்லியைத் தாண்டின எந்தப் பொடியும் கூடுதல் சோதனைக்குப் போகும், என்னன்னு தீர்க்க முடியலைன்னா கேபினுக்குள்ள விட மாட்டாங்க. ரெண்டும் 2018 ஜூன் 30-ல நடைமுறைக்கு வந்தது. 2017 ஜூலையில் சிட்னியில் இறைச்சி அரைக்கிற கருவிக்குள்ள வெடிபொருளை மறைச்சு விமானத்துல ஏத்தப் பார்த்த சதிக்குப் பிறகு வந்த கெடுபிடி.

பிசின்கைகள்:
அமெரிக்க விதியிலும் 350 மில்லின்னு நீங்களே சொல்லிட்டீங்க, நன்றி. பறவைமனம் பார்த்துட்டாரா?

பறவைமனம்:
உப்பை எடுங்க. 350 கிராம் உப்பு 300 மில்லிக்குள்ள அடங்கிடும். உங்க கணக்குல 350 மில்லி நிறைய உப்பு கொண்டு போனா 400 கிராமைத் தாண்டும். அப்போ அடைப்புக்குறியில் இருக்கிற கிராம் எதுக்கு, அலங்காரத்துக்கா? பஞ்சுப் பொடியை வச்சுக்கிட்டு ஊருக்கே பாடம் எடுக்கிறீங்க.

பிசின்கைகள்:
என்கிட்ட இருந்தது உப்பு இல்லையே! கேனை வச்சுத்தான் அளந்தாங்க. கேன்னா மில்லி.

மழைக்காலம்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். அப்பாவோட அஸ்தியைத் தம்பி இருக்கிற நாட்டுக்குக் கொண்டு போகணும். அதுக்கும் இந்த 350 கணக்கு உண்டா?

சொல்லாய்வன்:
பொடி வேறு, தூள் வேறு, சாம்பல் வேறு. எல்லாவற்றையும் "பொடி" என்று எழுதுவதால்தான் இத்தனை குழப்பம். இடித்தோ அரைத்தோ வந்தால் பொடி. எரிந்து மிஞ்சியது சாம்பல்.

ஆய்வகவாசி:
சொல்லாய்வன் சார், அவங்க கேட்டது என்ன, நீங்க பேசறது என்ன? கொஞ்சம் இடம் பொருள் பாருங்க.

மழைக்காலம் அம்மா, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அஸ்திக்கு அந்த அளவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. ஆனா கலயம் எக்ஸ்ரேயில் ஊடுருவித் தெரியணும். மரம், பிளாஸ்டிக் பரவாயில்லை. கனமான உலோகச் செம்புன்னா உள்ளே இருக்கிறது தெரியாது. அமெரிக்கச் சோதனையில் நீங்களே கேட்டாலும் அதைத் திறக்க மாட்டாங்க, உள்ளே போகவும் விட மாட்டாங்க. தகனச் சான்றிதழைக் கையிலேயே வச்சுக்கோங்க. விமான நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

சொல்லாய்வன்:
நான் சொன்னதில் பிழை இருந்தால் காட்டுங்கள். இடம் பொருள் எனக்கும் தெரியும்.

பிசின்கைகள்:
விலக்கு இருக்கட்டும். விலக்கில்லாததுக்கு 350 மில்லி. அதை முதல்ல பறவைமனம் ஒத்துக்கட்டும். இவருக்கு அலகுன்னாலே தகராறுதான். பவர் பேங்க் பேச்சுல என்ன சொன்னார்? 20,000 மில்லி ஆம்பியர்-மணி இருந்தா 100 வாட்-மணியைத் தாண்டிடும்னு சாதிச்சார். 3.7 வோல்ட்டால் பெருக்கினா 74 தான். அன்னைக்கும் ஒத்துக்கலை.

பறவைமனம்:
வந்துட்டீங்களா பழைய பஞ்சாங்கத்துக்கு! அன்னைக்கு நான் சொன்னது வேற பவர் பேங்க். ரெண்டு வருஷமா அதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கறீங்க போல.

ஆய்வகவாசி:
நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. பறவைமனம் எழுதினதுல "எந்தப் பொடியையும்" என்ற சொல்தான் ஆபத்து. அலுமினியத் தூள், மெக்னீசியத் தூள், நீச்சல் குளத்துக்குப் போடற கால்சியம் ஹைப்போகுளோரைட் இதெல்லாம் 10 கிராம் கூட ஏத்தக் கூடாது. கைப்பையில் மட்டுமில்லை, சரக்கறைக்குப் போற பெட்டியிலயும் கூடாது. உலோகத் தூள் தீப்பிடிக்கும், ஹைப்போகுளோரைட் அடுத்த பொருளை எரிய வைக்கும். இங்கே யாராவது அந்த வரியை நம்பிக் கொண்டு போனா யார் பொறுப்பு?

பறவைமனம்:
நீச்சல் குள மருந்தைக் கைப்பையில் வைக்கிறவனுக்கு நான் ஆலோசனை சொல்லலை. நான் சொன்னது சாதாரண மனுஷங்களுக்கு.

பிசின்கைகள்:
அப்போ நான் சாதாரண மனுஷன் இல்லையா? ரெசின் வேலை என் தொழில். "எந்தப் பொடியையும்"னு எழுதினது நீங்க. அதே பொடியை வேற பையில நிரப்பி, பக்கத்துல கேனையும் தராசையும் வச்சுப் படம் போடறேன். 100 கிராம், ரெண்டு லிட்டர். பார்த்துட்டுச் சொல்லுங்க, கிராமா மில்லியான்னு.

பறவைமனம்:
படம் எதுக்கு? அடைப்புக்குறியைப் படிங்க. 350 கிராம்.

மழைக்காலம்:
ஆய்வகவாசிக்கு நன்றி. எங்க வீட்டுல இருக்கிறது பித்தளைச் செம்புதான். இன்னைக்கே மரப்பேழைக்கு மாத்தறோம்.

பிசின்கைகள்:
நல்லபடியா போய்ட்டு வாங்கம்மா.

பறவைமனம், அடைப்புக்குறிக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல.