கல்வெட்டுப் படமெடுக்க ஐஃபோன் 15 வாங்கலாமா, கேலக்ஸி எஸ்24 வாங்கலாமா?

அதிட்டானம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. விடுமுறை நாள்களில் காவிரிக் கரையிலுள்ள சிறிய கோயில்களுக்குச் சென்று, அனுமதி பெற்று, அங்குள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்து வந்து, வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் படித்து எழுதி வைப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். தனியாகக் கேமரா வாங்கிச் சுமக்கும் நிலையில் நான் இல்லாததால், கைப்பேசியே எனக்குப் படக்கருவி, குறிப்பேடு இரண்டும்.

இப்போது வைத்திருக்கும் பேசி (எந்த நிறுவனத்தினுடையது என்பது வேண்டாம்) சென்ற மாதம் என்னை ஏமாற்றிவிட்டது. ஓர் ஊர்ப்பெயரின் இறுதியில் 'பாடி' என்றிருந்ததை நான் 'மாடி' என்று படித்துவிட்டேன். மறுபடியும் நேரில் சென்று விரலால் தடவிப் பார்த்தபோதுதான் புரிந்தது: பகரத்தை ஒட்டியிருந்த ஒரு வெடிப்பைப் பேசி தானாகக் கூர்மையாக்கி, உளி வெட்டிய கோடு போலவே காட்டியிருக்கிறது.

ஆகவே புதிய பேசி வாங்க முடிவு செய்து, ஐஃபோன் 15, கேலக்ஸி எஸ்24 என்ற இரண்டில் வந்து நிற்கிறேன். வெளிவந்தபோது 128 ஜிபி ஐஃபோன் 79,900 ரூபாய், 256 ஜிபி எஸ்24 79,999 ரூபாய். அடுத்தடுத்த மாதிரிகள் வந்துவிட்டதால் இரண்டுமே இப்போது என் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. வாங்கினால் ஐந்தாண்டுகளாவது வைத்திருப்பேன். எதை வாங்கலாம்?

மைப்படி எழுதியது:

வணக்கம் அம்மா. நானும் இதே வேலையில் இருப்பவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் தேவைக்கு எஸ்24 தான் பொருந்தும் என்பது என் கருத்து. திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறதா, ஐஃபோன் 15-இல் உள்ளதுபோல் 60 முறையா என்பதையே கடைக்காரர்கள் முதலில் சொல்வார்கள். கல்லின் முன் நிற்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

பொருட்படுத்த வேண்டியது மூன்றாவது லென்ஸ். ஐஃபோன் 15-இல் தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் தனி டெலிஃபோட்டோ லென்ஸ் கிடையாது. அதில் '2 மடங்கு' என்று வருவது 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் படம். நல்ல வெளிச்சத்தில் அது தெளிவாகவே இருக்கும். அதற்கு மேல் பெரிதாக்கினால், இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பத் தொடங்கிவிடும். உங்கள் 'மாடி' பிறந்த இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். எஸ்24-இல் 10 மெகாபிக்சல் அளவில் தனியாக 3 மடங்கு லென்ஸ் இருக்கிறது. உத்திரத்திலும் சுவரின் மேல் வரிசைகளிலும் உள்ள எழுத்துகளுக்கு மட்டுமல்லாமல், கைக்கெட்டும் உயரத்தில் உள்ள அதிட்டானத்துக்கும், அதாவது கோயிலின் அடிப்பீடத்துக்கும், அது உதவும். ஏனெனில் நான்கடி பின்னால் நின்று எடுக்கும்போது நம் நிழல் கல்லின்மேல் விழாது, வரிகளும் ஓரங்களில் கோணாமல் நேராக வரும்.

ஆனால் ஒன்றை அறிந்துகொண்டு வாங்குங்கள். அந்த லென்ஸின் சென்சார் சிறியது. மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைந்தால், திரையில் 3 மடங்கு என்று காட்டிக்கொண்டே பேசி முதன்மை லென்ஸின் படத்தை வெட்டித் தந்துவிடக்கூடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, 3 மடங்கு லென்ஸை மட்டும் விரலால் மூடிப் பார்ப்பது. திரை இருண்டால் அந்த லென்ஸ் வேலை செய்கிறது. இருளாவிட்டால் வெட்டிய படம்தான் வருகிறது. அத்தகைய இடத்தில் ஒரு கைவிளக்கைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், உளி இறங்கிய பள்ளங்கள் நிழலாகத் தெரிந்து எழுத்தும் துலங்கும், லென்ஸுக்கும் போதிய ஒளி கிடைக்கும். பேசியின் ஃபிளாஷை மட்டும் போடாதீர்கள். நேரெதிரே விழும் ஒளி பள்ளத்தின் நிழலையெல்லாம் அழித்துவிடும்.

கூர்மையாக்கும் தொல்லைக்கு மருந்தாக, சாம்சங்கின் 'எக்ஸ்பெர்ட் ரா' செயலியை நிறுவி, டிஎன்ஜி என்னும், பேசி அதிகம் மெருகேற்றாத மூலக் கோப்பாகப் படமெடுங்கள். கூர்மையை எவ்வளவு கூட்டுவது என்பதைக் கணினியில் நீங்களே தீர்மானிக்கலாம்.

அஞ்சல்விரல் எழுதியது:

மைப்படி ஐயா படத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆசிரியை குறிப்பும் பேசியிலேயே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐஃபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல், ஆங்கில எழுத்தொலியில் தட்டும் அஞ்சல், தமிழ் எழுத்துகளிலேயே தட்டும் தமிழ் 99 ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. நான் தமிழ் 99 பழகியவன். கல்லுக்கு முன் நின்று வரிவரியாக எழுதுவதற்கு அதைப்போல் கைக்கு இசைவானது வேறில்லை என்பேன். எஸ்24 வாங்கினால் செல்லினம் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். இந்த இரு முறைகளும் அதிலும் உண்டு.

எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எஸ்24-க்கு ஏழு தலைமுறை ஆண்ட்ராய்டும் ஏழாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக 2024 சனவரியில் வெளியிட்டபோதே சாம்சங் அறிவித்தது. ஆப்பிள் அப்படி முன்கூட்டியே வாக்களிக்காவிட்டாலும், 2018-இல் வந்த ஐஃபோன் எக்ஸ்ஆர் 2024-இல் ஐஓஎஸ் 18 வரை பெற்றது.

அதிட்டானம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள். இந்தியாவில் 2024-இல் வெளிவந்த எஸ்24-இல் ஸ்னாப்டிராகன் சிப்புக்குப் பதில் சாம்சங்கின் எக்ஸினோஸ் 2400 சிப்பு இருப்பதால் வாங்க வேண்டாம் என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் சொல்கிறார். இன்னொன்று, ஒரு பயணத்தில் ஐம்பது அறுபது ஜிபி வரை படமும் காணொளியும் சேர்ந்துவிடுகின்றன. கணினிக்கு மாற்றுவதில் எது எளிது?

மைப்படி எழுதியது:

எக்ஸினோஸ் பற்றிய அச்சம் பெரும்பாலும் முந்தைய தலைமுறைச் சிப்புகள் சூடானதால் வந்தது. மணிக்கணக்காக விளையாட்டு ஆடுபவர் அதைப் பற்றிக் கவலைப்படலாம், நீங்கள் படவேண்டியதில்லை. சித்திரை வெயிலில் எந்தப் பேசியும் சூடாகித் திரையை மங்கலாக்கும். படமெடுக்காத நேரத்தில் பைக்குள் வையுங்கள்.

இரண்டாவது ஐயம்தான் முக்கியமானது. ஐஃபோன் 15-இல் இருப்பது யுஎஸ்பி-சி துளை என்றாலும் அதன் வேகம் பழைய யுஎஸ்பி 2 தான், நொடிக்கு 480 மெகாபிட். அறுபது ஜிபியை மாற்ற அரை மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்24 யுஎஸ்பி 3.2 தரத்தில் நொடிக்கு 5 ஜிகாபிட் வரை செல்லும். அந்த வேகம் கிடைக்க அதே தரமுள்ள கேபிள் வேண்டும். இரண்டிலும் மெமரி கார்டு போட முடியாது என்பதால் 256 ஜிபிக்குக் குறைவாக எதையும் வாங்காதீர்கள். வெளிவந்தபோது ஐஃபோன் 15-இல் அந்த அளவுக்கு 89,900 ரூபாய் ஆயிற்று என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அதிட்டானம் எழுதியது:

நேற்று கடைக்குச் சென்று இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். கடையின் பின்பகுதியில் விளக்கு குறைவான இடத்தில், பழைய அட்டைப்பெட்டி ஒன்றின் அடியிலிருந்த சிறு எழுத்துகளை எஸ்24-இல் 3 மடங்கு வைத்துப் பார்த்தேன். லென்ஸை விரலால் மூடியும் படம் அப்படியே தெரிந்தது. பையிலிருந்த கைவிளக்கை ஊழியரிடம் கொடுத்து அவரைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி மறுபடி மூடினேன், திரை இருண்டது. எஸ்24, 256 ஜிபி வாங்கிவிட்டேன். செல்லினம் நிறுவியாயிற்று. வரும் சனிக்கிழமை அந்தப் 'பாடி'யை மறுபடியும் படமெடுத்து, டிஎன்ஜி கோப்பையே இங்கே இணைக்கிறேன்.